டீசல் பிக்கப் எஞ்சின் நடுங்கினால் எங்கிருந்து தேட வேண்டும்

நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒருமுறை எரிதல் நடக்கிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காத நிலையில், நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சிலிண்டர் சோர்ந்துவிட்டால், வினாடிக்கு ஏறத்தாழ ஏழு முறை விசை குறைகிறது. கியர் லீவரில் கை வைத்தாலே அந்த உதறல் தெரியும். நம் ஊர்களில் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். 2,523 சிசி போலேரோ பிக்கப் போன்ற காமன் ரயில் வண்டிகளில் (உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயில் தேக்கி எல்லா சிலிண்டர்களுக்கும் கொடுப்பவை) மிஸ்ஸிங் என்றவுடனேயே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றச் சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. அந்த வண்டியை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு நான்கு இன்ஜெக்டர்களின் விலை மிகப் பெரிய சுமை. எந்த சிலிண்டர், ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரை எந்த உதிரிப் பாகத்தையும் வாங்க வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன்.

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. பழைய பம்ப் வைத்த எஞ்சின்களில் மெக்கானிக்குகள் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, சத்தம் மாறாத சிலிண்டரே பழுதானது என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரயிலில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. ஐடிலிலேயே சில நூறு பார் அழுத்தத்திலும், முழு வேகத்தில் 1,000 பாரைத் தாண்டியும் நிற்கும் டீசல், ஊசிமுனை அளவு இடைவெளி கிடைத்தாலும் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. எஞ்சினை நிறுத்தி, அழுத்தம் இறங்கச் சில நிமிடங்கள் விட்ட பிறகே உயர் அழுத்தப் பைப்புகளைத் தொட வேண்டும்.

முதலில் புகையைப் பாருங்கள். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, டீசல் எரியாமல் வெளியேறுவதைக் காட்டுகிறது. கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் மட்டும் வெள்ளைப் புகையோடு உதறிவிட்டுச் சூடேறியதும் சரியாகிவிட்டால், குளிர்ந்த சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்கை மீட்டரில் சோதியுங்கள். உதகை, கொடைக்கானல் பக்கம் ஓடும் வண்டிகளில் இந்தக் குறை விரைவிலேயே வெளிப்படும். புகையும் சத்தமும் சீராக இருந்து நடுக்கம் மட்டும் இருந்தால், வெடித்துப்போன எஞ்சின் மவுண்டிங் ரப்பர்தான் பெரும்பாலும் காரணம்.

அடுத்து டீசல் வரும் வழி. ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வடியும் டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனிப் படலமாகத் தங்கி, பாட்டிலைச் சாய்க்கும்போது டீசலுக்குக் கீழே தனியே நகரும். அப்படித் தெரிந்தால் ஃபில்டரை மாற்றுவதோடு நிற்காமல் டேங்கின் அடியையும் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையேல் சில நாட்களில் அதே தொல்லை திரும்பும். தண்ணீர் இல்லையென்றால், ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் தாழ் அழுத்த ஹோஸுக்குப் பதிலாக, டீசலைத் தாங்கக்கூடிய, உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தி எஞ்சினை ஓட விடுங்கள். குமிழிகள் தொடர்ந்து ஓடினால் எங்கோ காற்று பிடிக்கிறது: தளர்ந்த கிளாம்ப், வெடித்த ஹோஸ், சரியாக உட்காராத ஃபில்டர் வாஷர் ஆகியவற்றைத் தேடுங்கள். சரிசெய்த பிறகு ஹேண்ட் பம்ப் இறுகும் வரை அடித்துக் காற்றை வெளியேற்றாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். உயர் அழுத்தப் பம்புக்கு மசகாக இருப்பதே அந்த டீசல்தான்.

டீசல் ஓட்டம் சுத்தமாக இருந்தும் மிஸ்ஸிங் நீடித்தால், வண்டியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டலாம். பி0301 முதல் பி0304 வரையிலான குறியீடுகள் எந்த சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதையும், பி0087 ரயில் அழுத்தம் போதாமையையும் காட்டும். குறியீடு எதுவும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) செய்யும் டீசல் திருத்த அளவைப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு மட்டும் கூடுதலாக ஊட்டிக்கொண்டிருந்தால் அது பலவீனமானது. ஒன்றில் மட்டும் குறைத்துக்கொண்டே இருந்தால் அந்த இன்ஜெக்டர் அளவுக்கு மீறி ஊற்றுகிறது. அளவு மீறி ஊற்றும் நிலையில் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் உயர்ந்து டீசல் வாடை அடித்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள், ஏனெனில் நீர்த்த ஆயில் பேரிங்குகளை அரித்துவிடும்.

இன்ஜெக்டரின் மேல் சந்தேகம் விழுந்த பிறகும் அதைக் கழற்றாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, நான்கு இன்ஜெக்டர்களிலும் மிஞ்சும் டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸ்களையும் எடுத்து, தனித்தனிக் குழாய்கள் வழியே ஒரே அளவுள்ள நான்கு சிறு பாட்டில்களுக்குள் விடுங்கள். டேங்குக்குத் திரும்பும் ஹோஸின் வாயை அடைத்துவிட்டு, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஐடிலில் ஓட விடுங்கள். மூன்று பாட்டில்களில் ஒரே மட்டமும் நான்காவதில் அதைப்போல் இரு மடங்கும் நின்றால், அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து, எரிதலுக்குப் போக வேண்டிய அழுத்தத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. மற்ற மூன்றையும் மாற்றத் தேவையில்லை. நான்கிலும் மட்டம் சமமாக இருந்தால், இன்ஜெக்டர் கனெக்டரின் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, வயர் எங்காவது உரசி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டரின் அடியில் தார் போன்ற கருப்புப் படிவும் ‘சுப் சுப்’ என்ற சத்தமும் இருந்தால், அதன் அடியில் கசிவை அடைக்கும் செம்பு வாஷர் போயிருக்கிறது.

காற்றுப் பக்கம் அதிக நேரம் எடுக்காது. இஜிஆர் வால்வ் (எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) கரி பிடித்துத் திறந்தபடியே நின்றால் ஐடிலில் கரும்புகையோடு நடுக்கம் வரும். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏர் ஃபில்டரையும் இன்டர்கூலர் ஹோஸையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் சோர்ந்தே இருந்தால், டீசலுக்கான கேஜைப் பொருத்தி நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) ஒப்பிட வேண்டும். பெட்ரோல் எஞ்சின் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் வால்வ், பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. அதற்கு ஹெட்டை இறக்கும் வசதியுள்ள பட்டறைதான் வழி.

இன்ஜெக்டரை மாற்ற வேண்டியே வந்தால் பழைய செம்பு வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். அது உட்காரும் இடத்தைக் கரியில்லாமல் துடைத்து, கம்பெனி கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவிலேயே முடுக்குங்கள். புதிய இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டைப் பொருத்துவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டு, ஸ்கேனர் வழியாக அதே சிலிண்டர் எண்ணுக்கு எதிரே ஈசியுவில் பதிவு செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டதால், புது இன்ஜெக்டர் போட்டும் மிஸ்ஸிங் போகவில்லை என்று திரும்பி வரும் வண்டிகள் உண்டு. பிறகு பழைய குறியீடுகளை அழித்து, எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும் வரை சுமையோடு ஓட்டி, டீசல் திருத்த அளவுகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். நான்கும் சுழியத்தை ஒட்டி நின்றால் வண்டியை வேலைக்கு அனுப்பலாம்.