ஆக்ஸ்போர்டின் தொடக்க வரலாற்றை எழுதுவது எப்படி?

பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று சொல்லிப் பழகிய நெல்லை மாணவர்கள், அந்த மூல ஆக்ஸ்போர்டைப் பற்றிக் கட்டுரை எழுத அமரும்போது நிறுவிய ஆண்டைத் தேடி அலைய வேண்டாம். அப்படியோர் ஆண்டு கிடையாது. 1096-இல் அங்கே ஏதோ ஒரு வகையில் கற்பித்தல் நடந்தது என்று தொடங்குங்கள். ஆல்ஃபிரட் மன்னர் நிறுவினார் என்பது பிற்காலக் கதை. நம் தலபுராணங்களைப் போலச் சுவையானது, ஆனால் சான்றாகாது. அடுத்து, 1167-ஐ ஒட்டி இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி ஆங்கிலேய மாணவர்கள் பாரிஸில் பயில்வதைத் தடுத்தபின் ஆக்ஸ்போர்டு விரைந்து வளர்ந்ததைக் கூறுங்கள்.

பெரும்பகுதியை 1209-க்கு ஒதுக்குங்கள். ஒரு பெண்ணின் கொலையை அடுத்து நகரத்தார் மாணவர் சிலரைத் தூக்கிலிட, அஞ்சிய அறிஞர்கள் கலைந்தனர். அவர்களுள் சிலர் குடியேறியதிலிருந்தே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1214-இல் போப்பின் தூதர் அளித்த தீர்ப்பின்படி, நகரத்தார் ஏழை மாணவர்களுக்காக ஆண்டுதோறும் 52 ஷில்லிங் செலுத்தவும், பத்தாண்டுகளுக்கு மாணவர்களிடம் பாதி வாடகையே வாங்கவும் வேண்டியதாயிற்று. (பாளையங்கோட்டையில் அறை தேடி அலைந்தவர்களுக்கு இந்த வாடகைச் சலுகையின் அருமை புரியும்.) பல்கலைக்கழக வேந்தர் பதவியும் இந்தத் தீர்ப்பு ஆவணத்தில்தான் முதலில் தென்படுகிறது.

யூனிவர்சிட்டி, பேலியல், மெர்ட்டன் ஆகிய கல்லூரிகள் 1249-க்கும் 1264-க்கும் இடையே தோன்றியவை என ஒரே வரியில் முடியுங்கள். எது மூத்தது என்னும் வழக்கில் நுழையாதீர்கள்.