கரப்பான் மருந்து வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் வீடுகளுக்குப் பூச்சி மருந்து வைக்கும் தொழிலில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற மாதம் அழகாபுரத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில், என்னிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அலமாரிக் கீல்களிலெல்லாம் ஜெல் மருந்தை நேர்த்தியாக வைத்து முடித்துவிட்டு, அடுத்த நிமிடமே பையிலிருந்து ஸ்பிரே டப்பாவை எடுத்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் நான் செய்த அதே தவறு அது. கடையில் மருந்து வாங்கித் தாங்களே வைத்துக்கொள்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். எச்சில் பாத்திரத்தை இரவில் போட்டுவைக்கக் கூடாது, குப்பைக் கூடையை மூட வேண்டும் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எந்தக் கரப்பான் என்று பார்க்காமல் மருந்து வாங்குவது

நம் வீடுகளில் தொல்லை தருபவை பெரும்பாலும் இரண்டு இனங்கள். செம்பழுப்பு நிறத்தில் 4 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, சில நேரம் பறக்கவும் செய்வது அமெரிக்கக் கரப்பான். இது சாக்கடையிலிருந்து வருகிறது. ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாத, வெளிர் பழுப்பான, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் உடையது ஜெர்மன் கரப்பான். இது சமையலறைக்குள்ளேயே பிறந்து அங்கேயே பெருகுகிறது. முன்னதற்கு மருந்தைவிடச் சிமெண்டும் ஜாலியும்தான் முதல் தேவை. சிங்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள ஓட்டையை அடைத்து, குளியலறைச் சாக்கடை வாய்க்குச் சிறு துளைகள் கொண்ட ஜாலி போட்டு, வாசலில் உள்ள சேம்பர் மூடியின் உடைசலைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பின்னதற்குத்தான் ஜெல்.

ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிப்பது

இன்றும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இது. ஏனென்றால், மருந்துக்குக் கொடுத்த பணம் வீணாவதோடு நிற்பதில்லை. ஓர் அறையில் இருந்த தொல்லை வீடு முழுவதும் பரவுகிறது.

ஜெல் என்பது விஷம் கலந்த உணவு. அதைத் தின்ற கரப்பான் உடனே சாவதில்லை. மறைவிடத்துக்குத் திரும்பி, அங்கே எச்சமிட்டுப் பிறகுதான் சாகிறது. வெளியே அதிகம் வராத குஞ்சுகள் அந்த எச்சத்தையும், செத்த கரப்பானின் உடலையும் தின்று தாமும் சாகின்றன. ஆகவே, கரப்பான் அச்சமின்றி வந்து, விரும்பித் தின்று, திரும்பிப் போனால்தான் ஜெல் வேலை செய்யும். கடையில் கிடைக்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருப்பது சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள். நேராக மேலே பட்டால் அவை கரப்பானைக் கொல்லும்; படாத கரப்பான்களையோ அந்த இடத்தைவிட்டே ஓடச் செய்யும். ஸ்பிரே பட்ட ஜெல்லை அவை சீண்டுவதும் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டில். சமையலறையும் தறி போட்டிருந்த அறையும் ஒரே சுவரின் இரு பக்கங்களில் இருந்தன. வெண்பட்டு வேட்டி நெய்துகொண்டிருந்தார்கள். சமையலறையில் ஜெல் வைத்து முடித்தபின் அந்த வீட்டு அம்மா, "என்ன தம்பி, மருந்து அடிச்ச வாசனையே வரலையே" என்று கவலையோடு கேட்டார். வாங்கும் கூலிக்கு வேலை செய்ததாகத் தெரிய வேண்டுமே என்ற எண்ணத்தில், அடுப்பு மேடையின் அடியிலும் அலமாரி ஓரங்களிலும் ஸ்பிரே அடித்துவிட்டு வந்தேன். அன்று இரவு தரையில் 20, 30 கரப்பான்கள் மல்லாந்து கிடந்ததைப் பார்த்து அவர்களுக்கு மகிழ்ச்சி. பத்து நாள் கழித்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், சமையலறையில் நான் வைத்த ஜெல் சொட்டுகள் வைத்தது வைத்தபடியே மேல்தோல் காய்ந்து கிடந்தன. ஒன்றின் ஓரம்கூடக் கடிபட்டிருக்கவில்லை. கரப்பான்கள் மின்கம்பி போகும் துளை வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் போய், இருட்டும் வெதுவெதுப்பும் உள்ள தறிக்குழியில் குடியேறியிருந்தன. நெய்து சுருட்டியிருந்த வேட்டியைப் பிரித்தபோது, வெள்ளைப் பட்டின் மீது மிளகுத்தூள் சிதறியதுபோல் அவற்றின் எச்சம் கரும்புள்ளிகளாகப் படிந்திருந்தது. தண்ணீர் தொட்டுத் துடைத்ததும் புள்ளிகள் பழுப்பாகப் பரவினவே தவிரப் போகவில்லை. இரண்டு வேட்டிகளுக்கு உரிய பணத்தை நான் கொடுத்தேன். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை என்பது இன்றுவரை என் மனத்தில் இருக்கிறது.

ஏற்கெனவே ஸ்பிரே அடித்துவிட்ட சமையலறை என்றால், அடித்த இடங்களைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகத் துடைத்து, உலரவிட்டு, ஒரு வாரமாவது பொறுத்து, ஸ்பிரே படாத இடுக்குகளில் ஜெல் வையுங்கள். வளர்ந்த ஜெர்மன் கரப்பானுக்கே 2 மில்லிமீட்டர் இடுக்கு போதும் என்பதால் கீல், இழுப்பறை ஓடும் தடம், கிரைண்டரின் அடிப்பாகம், ஃப்ரிட்ஜின் பின்புறத்தில் மோட்டார் இருக்கும் பகுதி ஆகியவைதாம் அவற்றுக்கு வீடு. ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைப்பதைவிட உளுந்து அளவில் பல இடங்களில் வைப்பது நல்லது. அடுப்பின் சூடு படும் இடத்தில் வைத்தால் ஜெல் விரைவில் காய்ந்துவிடும். வைத்த மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டு சிறுத்திருந்தால் தின்றிருக்கிறது என்று பொருள். வாசனை வரவில்லையே என்று யார் கேட்டாலும் பொறுமையாக விளக்குங்கள், ஸ்பிரேயைத் தொடாதீர்கள்.

போரிக் பவுடரைக் குவித்துக் கொட்டுவது

குவியலைக் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய படலமாகத் தூவினால்தான் காலில் ஒட்டும்.

சாக்பீஸ் கோடு

குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

அந்துருண்டை

சிங்க்கில் போடுவதால் பயன் இல்லை.

பழைய மருந்தைத் தேடி வாங்குவது

டைகுளோர்வாஸ் மருந்தை இந்திய அரசு 2020 டிசம்பர் 31 முதல் முற்றிலும் தடை செய்துவிட்டது. "அந்தக் காலத்து மருந்துதான் கேட்கும்" என்று சொல்லி, லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். பூச்சி மருந்து எதுவானாலும் உறையில் வண்ணச் சாய்சதுரம் இருக்க வேண்டும்; சிவப்பு மிகக் கடுமையான விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. சமையலறைக்குள் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடமில்லை.

அட்டைப்பெட்டியை வீட்டுக்குள் அடுக்குவது

செவ்வாய்ப்பேட்டையிலோ லீ பஜாரிலோ மளிகை வாங்கினால் பெரிய அட்டைப்பெட்டியில் போட்டுத் தருவார்கள். அந்த அட்டையின் மடிப்புகளுக்கு நடுவே உள்ள குழாய் போன்ற இடைவெளி, கரப்பான் குஞ்சு ஒளிந்துகொள்வதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். பொருளை வாசலிலேயே எடுத்துக்கொண்டு பெட்டியை அன்றே அப்புறப்படுத்துங்கள். பரணில் அடுக்கிவைத்த பெட்டிகளிலிருந்தே மறுபடி தொடங்கிய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூட்டிய வீட்டின் சாக்கடையை மறப்பது

ஏற்காட்டில் சீசனுக்கு மட்டும் திறக்கும் வீடுகளிலிருந்து எனக்கு ஆண்டுதோறும் அழைப்பு வருகிறது. வீட்டில் சோற்றுப் பருக்கைகூட இல்லை, பிறகு எப்படிக் கரப்பான் வந்தது என்று கேட்கிறார்கள். குளியலறைத் தரையில் உள்ள சாக்கடை வாயின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கீழிருந்து வரும் நாற்றத்தையும் பூச்சியையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வாரக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைத்தால் அது வற்றி, வழி திறந்துவிடுகிறது. பூட்டும் நாளன்று ஒவ்வொரு வாயிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் விரைவில் வற்றாது. அதன்மேல் ஜாலியையும் மூடிவிட்டுப் புறப்படுங்கள்.

சிங்க்கின் அடியில் சொட்டும் குழாயை விட்டுவைப்பது

ஜெர்மன் கரப்பான் உணவில்லாமல் ஒரு மாதம்கூடத் தாங்கும். தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு வாரம் தாங்குவதே கடினம். தினமும் குழாயில் தண்ணீர் வராத தெருக்களில் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்கிறோம். அவற்றை மூடி, அடியில் கசியும் ஈரத்தையும் இரவு படுக்கும் முன் துடைத்துவிட வேண்டும்.

ஒரு முறை வைத்ததோடு நிறுத்துவது

ஜெர்மன் கரப்பானின் பெண், 30 முதல் 40 முட்டைகள் அடங்கிய பையை வயிற்றின் முனையிலேயே சுமந்துகொண்டு திரியும். பொரிய ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். பைக்குள் இருக்கும் முட்டைகளை ஜெல் ஒன்றும் செய்வதில்லை. முதல் முறை வைத்து நான்கு வாரம் ஆனதும், காய்ந்த பழைய சொட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கீல்களில் புதிய ஜெல் வைக்க வேண்டும். அழகாபுரம் வீட்டுக்கு அந்தத் தம்பி அடுத்த வாரம் போகிறார். ஸ்பிரே டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.