அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் போகிறவர்கள் புல்லில் கால் வைக்கும் முன்

ஊட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று சுற்றிவிட்டு, வர்க்கியும் டீத்தூளும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பேர் மட்டும் எமரால்டு தாண்டி அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்கூர்த்தி என்று மேலே போக ஆசைப்பட்டு எங்களிடம் வழி கேட்கிறார்கள். வழியோடு சேர்த்து, அங்கே போய் எப்படி நடக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த நிலம் ஒருமுறை கெட்டால் நம் ஆயுளுக்குள் தேறாது.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கிட்டத்தட்ட 2,000 மீட்டருக்கு மேல் பள்ளமான இடங்களில் மட்டும் சோலைக்காடு குட்டையாக, அடர்த்தியாக இருக்கும், மேடும் சரிவும் முழுக்கப் புல். பார்த்ததும் "மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள் போல, கன்று நட்டால் நன்றாக இருக்குமே" என்று சொல்லாதவர்கள் குறைவு. யாரும் வெட்டவில்லை. டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனி வெட்டவெளியில் முளைக்கிற சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும், அதனால்தான் மரம் பள்ளத்தோடு நின்றுகொண்டு மேட்டைப் புல்லுக்கு விட்டுவிட்டது. பள்ளத்துச் சதுப்புகளில் மக்கிச் சேர்ந்திருக்கும் கரிமண்ணை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்ததில் அது 20,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது, அத்தனை ஆழத்திலும் புல்லின் தடயம் இருக்கிறது. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடுவது இந்தப் புல்லும் சதுப்பும்தான். மேட்டுப்பாளையத்திலும் சத்தியமங்கலத்திலும் ஓடுகிற பவானி இங்கிருந்துதான் கிளம்புகிறது. வெள்ளைக்காரர்கள் இதைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை என்கிற வாட்டில் மரமும், விஸ்கோஸ் துணி நூலுக்கான கூழுக்காகக் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் மலை மலையாக நட்டுத் தள்ளினோம். இன்றைக்கு ரோட்டை விட்டு ஜீப்பை இறக்குகிறவரும் அதே கண்ணோடுதான் பார்க்கிறார், சும்மா கிடக்கிற புல்தானே என்று. அந்த எண்ணத்தோடு மட்டும் மேலே வராதீர்கள்.

எப்போது வரலாம்? என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் வெளுத்து வாங்கினாலும் மேற்கே அவலாஞ்சியில் அவ்வளவு இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டவே வேண்டாம். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, மண் சரிந்து ரோடே போனது. ஜனவரி, பிப்ரவரி வரையாடு குட்டி போடும் காலம், அப்போது அவற்றின் இடத்துக்குள் போகாமல் இருப்பதுதான் மரியாதை. அதற்குப் பிறகு புல் காய்ந்து தீ பயம் வந்துவிடும்.

அனுமதி விஷயம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு சிக்னல் தேடாதீர்கள். அவலாஞ்சியில் உள்ளே சுற்றிப் பார்க்க வனத்துறை வண்டியில்தான் போக முடியும். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. நடந்து போக விரும்புகிறவர்களுக்கு 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் இருக்கிறது, அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா, பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி என்று அதில் சில பாதைகள் உண்டு, கூடவே வழிகாட்டி வருவார். காட்டுத்தீ காலத்தில் இவற்றை நிறுத்திவைப்பார்கள். "எனக்கு ஒரு ஆளைத் தெரியும், பின்பக்கமாகக் கூட்டிப் போவார்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காய்ந்த புல்லில் தீ ஓடுகிற வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. ஆகவே சிகரெட், கேம்ப் ஃபயர், ஸ்டவ் எதுவும் இங்கே கிடையாது.

பையில் என்ன? ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், டப்பாவில் சாப்பாடு. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் ஐந்து லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது, வழியில் சோதனையும் உண்டு. குல்லா, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், ரெயின்கோட். அப்புறம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது நடப்பது பற்றி. ஏற்கெனவே இருக்கும் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பாதையில் சேறு இருந்தால் சேற்றிலேயே கால் வையுங்கள். எல்லோரும் செய்கிற தப்பு இதுதான், ஷூ அழுக்காகக் கூடாது என்று ஓரத்துப் புல்லில் இறங்கி நடப்பது. அப்படிப் பத்துப் பேர் நடந்தால் ஒரு அடி பாதை மூன்று அடியாகும், புல் செத்த அந்த இடத்தில் அடுத்த மழைக்கு ஓடை மாதிரி மண் அரித்துக்கொண்டு போகும். சரிவில் குறுக்கு வழி இறங்குவதும் இதே கதைதான். வண்டி டயர் இன்னும் மோசம். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் பனி உருகிய தூந்திரத் தரையில், அதாவது மரமில்லாத குளிர்நிலத்தில், ரோட்டை விட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, ஏனென்றால் அங்கே ஒரு டயர் தடம் பல பத்தாண்டுகள் அழியாது. நம் சதுப்பும் அவ்வளவு மென்மையானது. தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டிவிட்ட புல்தரை போலச் சமமாக, பச்சையாக இருக்கும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று நேராக உள்ளே போவார்கள். கால் புதையும், எடுத்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும்.

ஓரத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். மழை விட்ட மாதங்களில் ஈரமான புல் நடுவே அழுகண்ணி இருக்கும், மிளகு அளவு இலை, அதன் ரோமம் ஒவ்வொன்றின் நுனியிலும் பளபளவென்று ஒரு பசைத் துளி, அதில் ஒரு சின்னக் கொசு ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருக்கும். சத்து இல்லாத மண் என்பதால் பூச்சியைப் பிடித்துத் தின்று பிழைக்கிற செடி அது. பத்து நிமிஷம் இருந்தால் பக்கத்திலேயே தரை ஆர்கிட் ஒன்றும் கண்ணில் படலாம். நின்றுகொண்டு பார்த்தால் இதில் எதுவும் தெரியாது, மிதித்துவிட்டுப் போய்விடுவோம். நீலகிரி நெட்டைக்காலி என்ற குருவியும் புல் புதருக்கு அடியில் தரையிலேயேதான் கூடு கட்டும். "அந்தப் பக்கம் வேண்டாம் தம்பி" என்று கூட வரும் வனத்துறை வாட்சர் அண்ணன் சொன்னால் காரணம் கேட்காமல் நின்றுவிடுங்கள், காரணத்தை அப்புறம் அவரே சொல்வார்.

சரி, பிரஷ் விஷயத்துக்கு வருகிறேன். ரோட்டோரங்களில் மலையே மஞ்சளாகப் பூத்திருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்திப் படம் எடுப்பீர்கள். அது சீகையாக இருக்கும், அல்லது ஸ்காட்ச் புரூம் என்கிற வெளிநாட்டுப் புதராக இருக்கும். அழகுதான், ஆனால் புல்வெளியைத் தின்றுகொண்டிருப்பது அதுதான். புரூமின் காய் வெயிலில் வெடித்து விதை சிதறும், விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். சீகை விதையும் அப்படியே. நீங்கள் அங்கே இறங்கி நின்ற ஷூவோடு நேராக மேலே நடந்தால், ஷூ அடியின் வரிப்பள்ளங்களில் சேற்றோடு ஒட்டிய விதை இதுவரை அது போகாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் நடக்கத் தொடங்குவதற்கு முன் ஷூ அடி, சாக்ஸ், பேன்ட் மடிப்பு, பையின் அடிப்பாகம் எல்லாவற்றையும் வண்டிப் பக்கத்திலேயே பிரஷ்ஷால் தேய்த்து உதறிவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. எனக்குத் தெரிந்து ஒரு சுற்றுலாப் பயணி இந்த மலைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான், செய்கிறவர்களோ மிகவும் குறைவு. விதைப்பந்து வீசுவது, கன்று நடுவது போன்ற நல்ல எண்ணங்களையும் தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள், புல்வெளிக்கு மரம் தேவையில்லை.

வரையாட்டைப் பார்த்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031தான் இருந்தன, நம் மாநில விலங்கு அது. நீங்கள் செல்ஃபிக்காக நெருங்கினால் மந்தை பாறைச் சரிவுக்கு ஓடும், குட்டி பின்தங்கிவிடும். பிஸ்கட், உப்பு நீட்டுவது கூடவே கூடாது, குரங்குக்கும்தான். காட்டெருமை சாதுவாக மேய்வது போலத் தெரியும், வழியை அதற்கு விட்டுவிட்டு ஒதுங்கிக் காத்திருங்கள். பாட்டு, ட்ரோன் இரண்டும் வேண்டாம்.

வழியில் தோடர் பழங்குடியினரின் மந்துகள் வரும். மந்து என்றால் ஒரு ஊர், மக்கள் குடியிருக்கிற இடம். கேட்காமல் உள்ளே போகாதீர்கள், வீட்டையோ ஆட்களையோ படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள், "வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அவர்களுடைய கோயில்களுக்குப் பக்கத்தில் வெளியாட்கள் போகக் கூடாது. அந்தக் கோயில்களுக்குக் கூரை வேயும் புல் இந்தச் சதுப்புகளில் வளர்வதுதான், சதுப்பு வற்றினால் அவர்களுக்குக் கூரைப் புல் கிடைப்பதும் கஷ்டமாகிவிடும்.

கழிப்பறை பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டால் வேலைக்கு ஆகாது. எமரால்டிலோ வனத்துறை நுழைவாயிலிலோ முடித்துவிட்டுக் கிளம்புங்கள். மேலே அவசரம் என்றால் ஓடை, சதுப்பிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளிப் போங்கள். டிஷ்யூ, நாப்கின் எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். ஓடையில் சோப்பு போட்டுக் கை கழுவாதீர்கள், அந்தத் தண்ணீரைக் கீழே ஆட்கள் குடிக்கிறார்கள்.

2030இல் நீலக்குறிஞ்சி மறுபடி பூக்கும், 2018க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. அப்போது கூட்டம் அலைமோதும். வருவதானால் வார நாளில் வாருங்கள், ஒரு கொத்துக்கூடப் பறிக்காதீர்கள், அந்தப் பூ விதையாகி விழுந்தால்தான் 2042இல் அங்கே செடி இருக்கும்.

கடைசியாக, மழையாலோ தீ பயத்தாலோ அவலாஞ்சி கேட்டை மூடியிருந்தால் அங்கே நிற்கிற காவலரிடம் சண்டை போடாதீர்கள். கோத்தகிரிக்கு வண்டியைத் திருப்புங்கள். ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்தது, சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிதண்ணீர் தருகிற காடு. அங்கேயும் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், பிரஷ் அங்கேயும் வேலைக்கு ஆகும்.