உரிமம் வரும் நாளோடு கணக்கை முடிக்காதீர்கள்

விமானி ஆக வேண்டும் என்று என் கணவர் வேலையை விட்டபோது எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. உரிமம் கிடைக்க 22 மாதங்கள், அதன்பின் வேலை கிடைக்க 14 மாதங்கள் ஆயின. அந்த மூன்றாண்டு வரவு செலவை எழுதிய நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. இதே முடிவில் நிற்கும் தம்பதிகள் யோசனை கேட்டால் அதைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

பெரும்பாலோர் வழுக்கும் இடம் ஒன்றுதான். வணிக விமானி உரிமமான சி.பி.எல். கைக்கு வரும் நாள்வரை மட்டும் பணத்தை எண்ணி வைக்கிறார்கள். இந்தியாவில் அதற்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். செலவு சாதாரணமாக 50 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் அந்த உரிமத்தோடு மட்டும் பயணிகள் விமானத்தில் விமானியாக உட்கார முடியாது. ஏ320, ஏடிஆர் போன்ற குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் என்னும் தகுதி தனியாக வேண்டும். அதற்கும் பல லட்சங்கள். பிறகு வேலைக்கான தேர்வு, நேர்காணல், காத்திருப்பு. 60 லட்சம் கடனுக்கு 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி மட்டுமே மாதம் 55,000 ரூபாய். பத்தாண்டுத் தவணையாக்கினால் மாதம் 82,000க்கு மேல். வங்கி தரும் சலுகைக் காலம் முடிந்துவிட்டால், வேலை கிடைத்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தவணை தொடங்கிவிடும். முதல் சம்பளம் வரும் நாள்வரை எண்ணுங்கள். அதற்கு மேலும் ஓராண்டு வீட்டுச் செலவைத் தனியே ஒதுக்குங்கள். அது இயலாதென்றால் இரண்டாண்டு கழித்துத் தொடங்குங்கள். 30 வயதில் தொடங்கியவர்களும் விமானி ஆகியிருக்கிறார்கள்.

இது வீண் பயமில்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, அடுத்த ஆண்டே கொரோனா வந்தது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒரு நிறுவனம் மூடினால் அனுபவமுள்ள விமானிகள் வேலை தேடி வெளியே வருகிறார்கள். 200 மணி நேரம் மட்டும் பறந்த புதியவர் வரிசையில் பின்னுக்குப் போகிறார்.

அடுத்த தவறு, மருத்துவப் பரிசோதனைக்கு முன்பே ராஜினாமாக் கடிதம் கொடுப்பது. முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று. முதலாம் வகுப்பில் தேறாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை. கண்ணாடி அணிவதால் மட்டும் யாரையும் தள்ளிவிடுவதில்லை. நிறக்குருடு, இதயக் கோளாறு போன்றவை வேறு கதை. சிறுநீரகக் கல் இருந்தால்கூடத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். பரிசோதனைக்கு ஆகும் சில ஆயிரங்களை முதலில் செலவழித்துவிடுங்கள், மற்ற லட்சங்களைப் பிறகு பார்க்கலாம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படிக்காதவர்கள் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம் என்பதையும் அப்போதே கவனியுங்கள்.

வேலையில் இருக்கும்போதே எழுதக்கூடிய தேர்வுகளை எழுதாமல் போவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. வழிகணிப்பு, வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தாள்களில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். என் கணவர் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து படித்து, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே மூன்று தாள்களை முடித்தார். அந்த மாதங்களின் சம்பளம்தான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

பயிற்சிப் பள்ளியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். 'ஓராண்டில் 200 மணி நேரம்' என்று விளம்பரம் சொல்லும். எங்கள் நோட்டில் ஒரு ஜூலைப் பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் அந்த மாதம் அவர் பறந்த நேரம்: 4 மணி 20 நிமிடம். மழை, ஒரு விமானம் பராமரிப்பில், ஒரு பயிற்றுநர் வேலையை விட்டுப் போய்விட்டார். வலப்பக்கம் அவருடைய விடுதி வாடகை, சாப்பாடு, இங்கே எங்கள் வீட்டு வாடகை, மகளின் தடுப்பூசி. வலப்பக்கத்தில் இடமே மிச்சமில்லை. ஆகவே பள்ளியில் மொத்தம் எத்தனை விமானங்கள் என்று கேட்காதீர்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை, அவற்றுக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் போன மாதம் எத்தனை மணி பறந்தீர்கள் என்று விசாரியுங்கள். எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பறக்கப் பறக்கத் தவணையாகக் கட்டுங்கள்.

வெளிநாட்டில் சீக்கிரம் முடியும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இங்கே தேர்வும் சோதனைப் பறத்தலும் உண்டு. அதற்கான மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்களே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டங்களில் வழி தெளிவாக இருக்கும், கட்டணம் ஒரு கோடியை எட்டும். அவர்கள் தரும் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நிறுவனம் ஆள் எடுப்பதை நிறுத்தினால் உங்கள் பணம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பெற்றோர் குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைக்காதீர்கள். ஆயுள் காப்பீடு எடுக்கும்போது விமானப் பயிற்சி பெறுவதை மறைக்காதீர்கள். விபத்துக் காப்பீடுகள் பலவற்றில் பயணியாகப் போகும்போது மட்டுமே பாதுகாப்பு உண்டு.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வேலை உறுதியானதும் மகிழ்ச்சியில் மகளை இங்கேயே எல்.கே.ஜி.யில் சேர்த்து ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டோம். எந்த ஊரிலிருந்து பணியாற்ற வேண்டும் என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்கும் என்று தெரிந்திருந்தும் அதை நினைக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவருக்கு வேறு மாநிலம். கட்டிய பணம் திரும்பவில்லை. குழந்தை புதுப் பள்ளியில் ஒரு மாதம் அழுதாள். பணியிட ஊர் எழுத்தில் வந்த பிறகு பள்ளிக் கட்டணம் கட்டுங்கள்.