மழை நாட்களில் துடிப்பான நாய்க்குப் பயிற்சி

ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் நாயைத் தினமும் வெளியே ஓடவிட முடிவதில்லை. அடக்கிவைத்த துடிப்பு, வாசலில் கிடக்கும் செருப்பைக் குதறுவதில் போய் முடிகிறது. நாயை 5 நிமிடம் மெதுவாக நடத்தி உடலைச் சூடாக்கிய பிறகு, வராந்தாவில் 2 செங்கற்களின் மேல் காய்ந்த தென்னை மட்டையைக் கிடத்தி, அதைத் தாண்டப் பழக்கலாம். பளபளப்பான டைல்ஸ் தரையில் குதித்திறங்கும் கால் வழுக்கி மூட்டு பிசகக்கூடும் என்பதால், இறங்கும் இடத்தில் கயிற்றுப் பாய் கட்டாயம் வேண்டும். ஒரு வயது நிரம்பாத குட்டிக்கு எலும்பின் வளர்ச்சி முடிந்திருக்காது. அதற்கு மட்டையைத் தரையிலேயே போட்டு, நடந்து கடக்க வைத்தால் போதும். 10 நிமிடத்தில் நிறுத்திவிட்டு, விரல் இடுக்குகளை விரித்து ஈரம் போகத் துடையுங்கள்.