பாரிசவாதம்: எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள், மணியைப் பாருங்கள்

நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்த ஆளுக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது, நாக்குக் குழறுகிறது, கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை நழுவுகிறது என்றால் அதைக் களைப்பு, காற்றுப் பட்டது என்று விட்டுவிடாதீர்கள். அது பாரிசவாதமாக (ஸ்ட்ரோக்) இருக்கலாம்; மூளையில் இரத்தக்குழாய் அடைத்தாலும் வரும், இரத்தம் கசிந்தாலும் வரும்.

சந்தேகமாக இருந்தால் சிரிக்கச் சொல்லுங்கள், உதட்டின் ஒரு பக்கம் ஏறாது. கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தானாகக் கீழே இறங்கும். "நாளைக்குக் களுவாஞ்சிக்குடிக்குப் போகணும்" என்று சொல்ல வைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று பிசகினாலே 1990க்குக் கோல் எடுங்கள், அது சுவசெரிய அம்புலன்ஸ், காசு கேட்கமாட்டார்கள். திடீரென்று பார்வை மங்கினாலும், நடை தள்ளாடினாலும், என்றுமில்லாத தலையிடி வந்தாலும் அப்படித்தான்.

ஏன் இவ்வளவு அவசரம்? மூளையில் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து இரத்தக் கசிவு இல்லை என்று பார்க்கவும் வேண்டும். அந்த நேரம் நீங்கள் கண்ட நிமிடத்திலிருந்து ஓடவில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. அதனால் அந்த மணியைக் கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள். விடிய எழும்பும்போதே கை விழுந்திருந்தால், இரவு படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். பிந்திவிட்டது என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், டொக்டர் பார்க்கட்டும்.

வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே நேரம் கரைந்துவிடும், இதில் வயலுக்குப் போன மகன் வரட்டும், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், திருநீறு போட்டுப் பார்ப்போம் என்று இருந்தால் என்ன மிஞ்சும்? கும்பிடுவதை அம்புலன்சுக்குள் இருந்தும் கும்பிடலாம்.

வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், ஒரு முடறு தண்ணீர்கூட. விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். அஸ்பிரினும் வேண்டாம், கசிவாக இருந்தால் அதைக் கூட்டிவிடும். பிரஷர் குளிசையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சத்தி எடுத்தாலோ மயங்கினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

சிலருக்குப் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும், "எனக்கு ஒண்டுமில்ல, விடுங்க" என்பார்கள். விடாதீர்கள், அடுத்த ஒன்றிரண்டு நாளில் பெரிதாக வரலாம். கிளினிக் கொப்பியையும் குடிக்கிற குளிசைகளையும் ஒரு பையில் போடுங்கள், கூடப் போகிறவர், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம் தெரிந்த ஆளாக இருக்கட்டும்.