குள்ளக் கேலக்ஸி: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

வம்பு பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. குள்ளக் கேலக்ஸி என்றால் குள்ள விண்மீன்கள் கூடியிருக்கும் இடம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கேலக்ஸி என்பது விண்மீன்களின் பெருங்கூட்டம்; அதில் சின்னக் கூட்டம்தான் குள்ளக் கேலக்ஸி. நமக்குப் பக்கத்திலுள்ள பெரிய மகெல்லன் மேகத்தைக் குள்ளக் கேலக்ஸி வகையில்தான் சேர்ப்பது வழக்கம். அதற்குள் இருக்கும் ஆர்136ஏ1 என்ற விண்மீனோ சூரியனைவிட நூறு மடங்குக்கும் மேல் கனமானது. வகைப்பாட்டின்படி பார்த்தால் நம் சூரியனே ஒரு குள்ளன்தான்! வெண்குள்ளன் என்பது இன்னும் வேறு. எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம், ஏறக்குறைய பூமி அளவு.

இதே மாதிரி இன்னொரு சொல், உலோகம். "இந்தக் கேலக்ஸியில் உலோகம் மிகக் குறைவு" என்று படித்ததும் இரும்பு, செம்பு என்று நினைக்க வேண்டாம். வானியலாளர்களுக்கு ஹீலியத்தைவிடக் கனமான எல்லாமே உலோகம்தான், ஆக்சிஜன் உட்பட. வேதியியல் வாத்தியார்கள் மன்னிக்கட்டும்.

சரி, இதெல்லாம் சொல் குழப்பம். ஆராய்ச்சியாளர்களையே கவிழ்ப்பது தொலைவு. மங்கலாகத் தெரியும் ஒரு விண்மீன் உண்மையிலேயே மங்கலானதா, தூரத்தில் இருப்பதால் அப்படித் தெரிகிறதா? அமெரிக்க வானியலாளர் ஹென்றியெட்டா லீவிட், இன்னொரு குள்ளக் கேலக்ஸியான சிறிய மகெல்லன் மேகத்தில் இருந்த 25 செஃபீட் விண்மீன்களை, அதாவது சீராக ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை, எடுத்துக்கொண்டார். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தொலைவில் இருப்பதால் இந்தக் குழப்பமே எழவில்லை. ஒளி கூடிக் குறைய அதிக நாள் எடுக்கும் செஃபீட் அதிகப் பிரகாசமானது என்று 1912-இல் காட்டினார். அண்டத்தை அளக்க அதுவே அளவுகோலானது. ஆனால் அந்த அளவுகோலில் இரண்டு வகை செஃபீட்கள் கலந்து கிடந்தன. அதை வானியலாளர் வால்டர் பாடே 1952-இல் சொன்னபோது நம் பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவின் தொலைவு ஒரே அடியாக ஏறக்குறைய இரு மடங்கானது.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2018-இல் என்ஜிசி 1052-டிஎஃப்2 என்ற கேலக்ஸியில் கரும்பொருளே (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள்) இல்லை என்று செய்தி வந்தது. அந்தக் கணக்கு சுமார் 6.5 கோடி ஒளியாண்டு என்ற தொலைவின் மேல் நின்றது. இல்லை, 4.2 கோடிதான் என்றது வேறொரு குழு. கிட்ட இருந்தால் மொத்த ஒளி குறையும், விண்மீன்களின் எடையும் குறையும், அப்போது கரும்பொருளுக்கு இடம் வந்துவிடும். 2021-இல் ஹபிள் தொலைநோக்கியால் மறுபடி அளந்தபோது தொலைவு 7 கோடி ஒளியாண்டைத் தாண்டியது. "கரும்பொருள் இல்லாத கேலக்ஸி" என்று தலைப்பு கண்ணில் பட்டால், நான் முதலில் தேடுவது தொலைவை எப்படி அளந்தார்கள் என்பதைத்தான்.

அப்புறம், எதிர்த்திசைத் தவறும் உண்டு. மிக மங்கலான குள்ளக் கேலக்ஸிகளில் அளக்கக் கிடைப்பவை சில பத்து விண்மீன்களே. அவை எவ்வளவு வேகமாகச் சிதறி ஓடுகின்றன என்பதை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். அதில் ஒன்று இரட்டை விண்மீனாக இருந்தால், துணையைச் சுற்றும் வேகமும் கணக்கில் சேர்ந்து இல்லாத எடையை இருப்பதாகக் காட்டும். மாதங்கள், ஆண்டுகள் இடைவெளி விட்டு மறுபடி அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

நேரில் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. பெரிய மகெல்லன் மேகம் கன்னியாகுமரியில் அடிவானத்திலிருந்து 12 பாகைதான் எழும்பும். கை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டியும் கொஞ்சமும். சென்னையில் 7 பாகை, புழுதியும் விளக்கொளியும் விழுங்கிவிடும். ஜனவரி நடுவில், நிலா இல்லாத இரவு பத்து மணிவாக்கில் தெற்கே பாருங்கள். பளிச்சென்று தெரியும் அகத்திய நட்சத்திரத்துக்கு (கனோபஸ்) இரண்டு முஷ்டி கீழே, சற்று வலப்பக்கம். புகைப்படத்தில் வரும் இளஞ்சிவப்பையும் நீலத்தையும் எதிர்பார்க்காதீர்கள்; வானம் தெளிவாக இருந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கறை மாதிரி தெரியும்.